ஒரு குட்டி ஐகானுக்காக முன்பின் தெரியாத சாப்ட்வேரை வீட்டுக்குள் விடலாமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் வாரத்தில் செய்யும் வேலைகள் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். முதலில் திரையின் பின்னணிப் படத்தை மாற்றுவார்கள். அடுத்து மவுஸ் கர்சரை வேறு வடிவத்திற்கு மாற்றிப் பார்ப்பார்கள். பிறகு, மஞ்சள் நிறத்தில் ஒரே மாதிரி வரிசை கட்டி நிற்கும் போல்டர்களுக்கு விதவிதமான படங்களை வைக்க ஆசைப்படுவார்கள். குழந்தையின் போட்டோக்கள் உள்ள போல்டருக்குக் குழந்தையின் முகம், பாட்டுகள் உள்ள போல்டருக்கு ஒரு வீணை, கணக்கு வழக்குகள் உள்ள போல்டருக்கு ஒரு ரூபாய் அடையாளம். இந்த ஆசையில் தவறு எதுவும் இல்லை. காசு கொடுத்து வாங்கிய பொருளை நம் இஷ்டப்படி அலங்கரிக்காமல் வேறு யார் அலங்கரிப்பார்கள்?

சிக்கல் அடுத்த படியில்தான் வருகிறது. போல்டரின் மீது ரைட் கிளிக் செய்து, பிராபர்ட்டீஸ், கஸ்டமைஸ், சேஞ்ச் ஐகான் என்று வரிசையாகச் சென்றால், விண்டோஸ் நம்மிடம் கேட்பது ஐகோ என்ற எக்ஸ்டன்ஷன் கொண்ட பைலை. அதாவது பெயரின் முடிவில் ஐ, சி, ஓ என்ற மூன்று எழுத்துகள் உள்ள பைல். நம்மிடம் இருப்பதோ மொபைல் போனில் எடுத்த ஜேபெக் படம். உடனே இன்டர்நெட்டில் தேடுகிறோம். "இலவசம்", "ஒரே கிளிக்கில்" என்று டஜன் கணக்கில் சாப்ட்வேர்கள் வந்து விழுகின்றன. முதலில் கண்ணில் படுவதை டவுண்லோட் செய்து, நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்டிக்கொண்டே போகிறோம்.

என் உறவினர் ஒருவர் இப்படித்தான் செய்தார். அவருக்கு ஐகான் கிடைத்தது. கூடவே பிரவுசரின் முதல் பக்கம் மாறிப்போனது. அவர் கேட்காத இரண்டு புரோகிராம்கள் வந்து உட்கார்ந்தன. கம்ப்யூட்டரை இயக்கும்போதெல்லாம் திரையின் மூலையில் விளம்பரம் எட்டிப் பார்த்தது. அவற்றை எல்லாம் தேடிப் பிடித்து நீக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆனது. இத்தனைக்கும் அவர் தயாரித்த அந்த ஐகான் எவ்வளவு பெரியது தெரியுமா? 32க்கு 32 புள்ளிகள். பைலின் அளவு சுமார் நான்கு கிலோபைட்.

அன்றிலிருந்து நான் புதியவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லி வருவது இதுதான். ஐகானும் கர்சரும் வேண்டுமென்றால் கட்டளை வரியில், அதாவது கருப்பு நிறக் கமாண்ட் பிராம்ப்ட் விண்டோவில், நீங்களே தயாரித்துக்கொள்ளுங்கள். முன்பின் தெரியாத கன்வர்ட்டர் வேண்டாம். ஊர் பேர் தெரியாத தளத்திற்குக் குழந்தையின் படத்தை அனுப்பவும் வேண்டாம். "கம்ப்யூட்டர் வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, எனக்குக் கட்டளையா?" என்று சிலர் கேட்கலாம். புதியவர்களுக்குத்தான் இது முதலில் தேவை என்பது என் கருத்து. காரணங்களைச் சொல்கிறேன்.

பெயரை மாற்றினால் பைல் மாறாது

முதலில் பலரும் செய்யும் ஒரு தவறைப் பார்ப்போம். பைலின் பெயரில் ஜேபிஜி என்று இருப்பதை அழித்துவிட்டு ஐகோ என்று தட்டிவிட்டால் ஐகான் தயார் என்று நினைக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் இதைச் செய்து, விண்டோஸ் ஏன் முரண்டு பிடிக்கிறது என்று விழித்திருக்கிறேன். பொட்டியின் மீது ஒட்டிய லேபிளை மாற்றினால் உள்ளே இருக்கும் துவரம் பருப்பு கடலைப் பருப்பாகிவிடாது.

ஐகான் பைல் என்பது ஒரே ஒரு படம் அல்ல. ஒரு சின்ன ஆல்பம். அதன் முதல் 6 பைட்டுகள் தலைப்பு. அதில் இந்த பைல் ஐகானா, கர்சரா என்ற குறிப்பு இருக்கும். ஐகான் என்றால் 1, கர்சர் என்றால் 2. அடுத்து, உள்ளே எத்தனை படங்கள் உள்ளன என்ற எண்ணிக்கை. அதன் பின் ஒவ்வொரு படத்திற்கும் 16 பைட்டுகள் கொண்ட ஒரு வரி. அந்த வரியில் படத்தின் அகலம், உயரம், வண்ண ஆழம், பைலுக்குள் படம் எந்த இடத்தில் தொடங்குகிறது ஆகியவை பதிவாகியிருக்கும். நான்கு படங்கள் உள்ள ஐகானில் இந்தப் பொருளடக்கம் மட்டும் 70 பைட்டுகள். அதன் பிறகுதான் படங்கள் வருகின்றன.

ஏன் ஒரே பைலில் இத்தனை படங்கள்? விண்டோஸ் ஒரே ஐகானைப் பல இடங்களில், பல அளவுகளில் காட்டுகிறது. பைல் பட்டியலில் 16க்கு 16 பிக்ஸெல். டெஸ்க்டாப்பில் 48க்கு 48. எக்ஸ்ட்ரா லார்ஜ் ஐகான்ஸ் என்று தேர்வு செய்தால் 256க்கு 256. ஒவ்வொரு இடத்திற்கும் பொருந்தும் படத்தை ஆல்பத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. 1985ல் வந்த முதல் விண்டோஸில் ஐகான்கள் கருப்பு வெள்ளையாக இருந்தன. 1990ல் வந்த விண்டோஸ் 3.0 பதிப்பில் 16 வண்ணங்கள் கிடைத்தன. 2001ல் எக்ஸ்பி வந்தபோதுதான் ஓரங்கள் மெல்ல மறையும்படியான ஒளி ஊடுருவும் தன்மை கிடைத்தது. விஸ்டா பதிப்பில் 256 பிக்ஸெல் அளவுள்ள படத்தை பிஎன்ஜி வடிவில் சுருக்கி உள்ளே வைக்கும் வசதி வந்தது. சுருக்காவிட்டால் அந்த ஒரு படம் மட்டுமே 256 கிலோபைட்டுக்கு மேல் இடம் பிடிக்கும்.

இதைத் தெரிந்துகொண்டால் ஒரு விஷயம் புரியும். பல இலவச கன்வர்ட்டர்கள் ஆல்பத்தில் ஒரே ஒரு படத்தைப் போட்டுக் கொடுத்துவிடுகின்றன. அதனால்தான் டெஸ்க்டாப்பில் அழகாகத் தெரியும் ஐகான், பட்டியலில் பார்க்கும்போது கலங்கிப்போய்த் தெரிகிறது.

ஒரு வரி போதும்

இப்போது வேலைக்கு வருவோம். இதற்கு நான் பரிந்துரைப்பது இமேஜ்மேஜிக். இதுவும் டவுண்லோட் செய்ய வேண்டிய ஒன்றுதானே என்று கேட்கலாம். ஆம். ஆனால் இது நேற்று முளைத்த சாப்ட்வேர் அல்ல. டூபான்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் கிறிஸ்டி 1987ல் உருவாக்கி, 1990ல் இலவசமாக வெளியிட்டது. இதன் மூல நிரல் அனைவரும் படித்துப் பார்க்கும்படி திறந்து வைக்கப்பட்டுள்ளது. இதன் சொந்த இணையதளத்திலிருந்து மட்டுமே இறக்கிக்கொள்ளுங்கள். இன்ஸ்டால் செய்கையில், சிஸ்டம் பாத்தில் சேர்க்கவா என்று கேட்கும் கட்டத்தில் உள்ள டிக் அடையாளத்தை எடுத்துவிட வேண்டாம். அது இருந்தால்தான் எந்த போல்டரிலிருந்தும் கட்டளை வேலை செய்யும்.

அடுத்து, படம் உள்ள போல்டரைத் திறங்கள். மேலே உள்ள முகவரிக் கட்டத்தில் கிளிக் செய்து, சி, எம், டி என்ற மூன்று எழுத்துகளைத் தட்டி என்டர் தட்டுங்கள். அதே போல்டரிலேயே கருப்பு விண்டோ திறக்கும். படத்தின் பெயர் ஆங்கிலத்தில், இடைவெளி இல்லாமல் இருந்தால் வேலை சுலபம். படத்தை முன்கூட்டியே சதுரமாக வெட்டி வைத்துக்கொள்வதும் நல்லது. கட்டளையை இங்கே ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்துகளில் தட்டவும்.

மேஜிக் ஹவுஸ்.பிஎன்ஜி -டிபைன் "ஐகான்:ஆட்டோ-ரீசைஸ்=256,48,32,16" ஹவுஸ்.ஐகோ

மேஜிக் என்ற சொல்லின் முடிவில் சி-யை அடுத்து கே என்ற எழுத்தும் உண்டு. அதை விட்டுவிட்டால் கட்டளை வேலை செய்யாது.

இந்த வரியை மேலிருந்து கீழாக அல்ல, இடமிருந்து வலமாக ஒரு வாக்கியம் போலப் படித்துப் பாருங்கள். "மேஜிக்கே, இந்த ஹவுஸ் படத்தை எடு. அதை 256, 48, 32, 16 என்ற நான்கு அளவுகளில் தயார் செய். நான்கையும் ஹவுஸ் என்ற ஐகான் பைலில் வை." அவ்வளவுதான். என்டர் தட்டியவுடன் எந்தச் செய்தியும் இல்லாமல் அடுத்த வரி வந்து நின்றால் வேலை முடிந்தது என்று பொருள். புதியவர்களுக்கு இது விநோதமாகத் தெரியும். கட்டளை வரியின் பழக்கமே அப்படித்தான். தவறு இருந்தால் மட்டுமே அது வாய் திறக்கும்.

உள்ளே நான்கு படங்களும் இருக்கின்றனவா என்று சோதிக்க, மேஜிக் ஐடென்டிபை ஹவுஸ்.ஐகோ என்று தட்டுங்கள். ஒவ்வொரு படத்திற்கும் ஒரு வரியாக அளவுகள் காட்டப்படும்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, எச்சரித்துவிடுகிறேன். பழைய குறிப்புகளில் மேஜிக் என்பதற்குப் பதில் கன்வர்ட் என்ற கட்டளையைப் பார்ப்பீர்கள். இமேஜ்மேஜிக்கின் பழைய பதிப்புகளில் அதுதான் பெயர். ஆனால் விண்டோஸிலேயே கன்வர்ட் என்று இன்னொரு கட்டளை இருக்கிறது. அதன் வேலை டிஸ்க்கை பேட் முறையிலிருந்து என்டிஎப்எஸ் முறைக்கு மாற்றுவது. படத்தின் பெயரைக் கொடுத்தால் அது பிழைச் செய்தி தந்து நின்றுவிடும். கெடுதல் எதுவும் நேராது. என்றாலும், ஒரே பெயரில் இரண்டு ஆட்கள் இருக்கும் வீட்டில் யாரைக் கூப்பிடுகிறோம் என்று தெரிந்து கூப்பிடுவது நல்லது. விண்டோஸில் மேஜிக் என்றே தட்டுங்கள்.

சின்னப் படத்தைத் தனியாக வரையுங்கள்

256க்கு 256 என்றால் 65,536 புள்ளிகள். 16க்கு 16 என்றால் வெறும் 256 புள்ளிகள். குழந்தையின் முகத்தை 256 புள்ளிகளுக்குள் அடக்கினால் கண் எது, மூக்கு எது என்று தெரியாது. எந்த சாப்ட்வேராலும் இதைச் சரி செய்ய முடியாது. செய்ய வேண்டியது, சின்ன அளவிற்கென்று எளிமையான வேறு படத்தை வரைவது.

ஆப்பிள் மேக்கின்டாஷ் 1984ல் வெளியானபோது அதன் ஐகான்களை வரைந்தவர் சூசன் கேர் என்ற பெண்மணி. கையில் கிராப் பேப்பரை வைத்துக்கொண்டு, 32க்கு 32 கட்டங்களில் எதைக் கருப்பாக்குவது, எதை விடுவது என்று யோசித்து யோசித்து வரைந்தார். மொத்தம் 1,024 கட்டங்கள். பின்னர் விண்டோஸ் 3.0 பதிப்பின் ஐகான்களையும் சாலிட்டேர் விளையாட்டின் சீட்டுகளையும் அவரே வடிவமைத்தார். உங்கள் வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளை இருந்தால் கிராப் நோட்டு கட்டாயம் இருக்கும். அதில் 16 கட்டங்களுக்கு ஒரு சதுரம் போட்டு, அதற்குள் ஒரு வீட்டை வரையச் சொல்லுங்கள். பிறகு அதையே பெயின்ட் புரோகிராமில் புள்ளி புள்ளியாக வைத்து, பிஎன்ஜி பைலாகப் பதிந்துகொள்ளுங்கள்.

இப்போது உங்களிடம் நான்கு அளவுகளில் நான்கு படங்கள் இருக்கும். மேஜிக் என்று தட்டி, நான்கு படங்களின் பெயர்களையும் இடைவெளி விட்டு வரிசையாகத் தந்து, கடைசியில் ஐகான் பைலின் பெயரைத் தாருங்கள். நான்கும் ஒரே ஆல்பத்தில் சேர்ந்துவிடும். பட்டியலில் பிள்ளை வரைந்த வீடு; பெரிய அளவில் வைத்தால் உண்மையான வீட்டின் போட்டோ. "ஒரே கிளிக்" கன்வர்ட்டர்களில் பெரும்பாலானவை இதைச் செய்ய இடம் தருவதில்லை. பட்டன் வைத்தவர் நினைத்ததைத்தான் பட்டன் செய்யும். கட்டளையோ நாம் நினைத்ததைச் செய்யும்.

கர்சருக்கு ஒரு முனை வேண்டும்

கர்சர் பைலின் எக்ஸ்டன்ஷன் சி, யு, ஆர். அமைப்பில் இது ஐகானின் உடன்பிறப்பு. ஒரே ஒரு முக்கிய வித்தியாசம். கர்சருக்கு ஹாட்ஸ்பாட் என்ற ஒன்று உண்டு. நாம் கிளிக் செய்யும்போது, கர்சர் படத்தின் எந்தப் புள்ளி கிளிக் செய்கிறது என்பதுதான் ஹாட்ஸ்பாட். அம்புக்குறி என்றால் அதன் கூர்மையான முனை. இலக்கு வட்டம் என்றால் அதன் நடுப்புள்ளி. இடது மேல் மூலையிலிருந்து 0, 0 என்று எண்ணத் தொடங்க வேண்டும். ஐகான் பைலில் வண்ண விவரங்களுக்காக ஒதுக்கிய அதே இடத்தைத்தான் கர்சர் பைல் இந்த இரண்டு எண்களுக்குப் பயன்படுத்திக்கொள்கிறது.

பென்சில் வடிவில் ஒரு கர்சர் வைத்திருக்கிறீர்கள்; பென்சிலின் முனை இடது கீழ் மூலையில் இருக்கிறது; ஆனால் ஹாட்ஸ்பாட் 0, 0 என்று பதிவாகியிருக்கிறது. என்ன ஆகும்? முனையை ஒரு பட்டன் மீது வைத்து கிளிக் செய்தால் அதற்கு மேலே உள்ள வேறொன்று திறக்கும். "மவுஸ் கெட்டுப்போச்சு" என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. கெட்டது மவுஸ் அல்ல, இரண்டு எண்கள்.

கர்சர் தயாரிக்க இமேஜ்மேஜிக்கை விட ஐகோடூல் என்ற கட்டளை ஏற்றது. இது ஐகோயுட்டில்ஸ் என்ற தொகுப்பில் உள்ளது. உபுண்டு போன்ற லினக்ஸ் சிஸ்டங்களில் ஒரே கட்டளையில் இதை இன்ஸ்டால் செய்திடலாம். விண்டோஸ் 11ல் உள்ள லினக்ஸ் துணை அமைப்பை நிறுவினால் அதிலும் இயக்கலாம். கட்டளையில் மைனஸ் சி என்றால் உருவாக்கு. இரட்டை மைனஸ் கர்சர் என்றால் ஐகான் அல்ல, கர்சர். மைனஸ் பெரிய எக்ஸ், மைனஸ் பெரிய ஒய் என்றால் ஹாட்ஸ்பாட்டின் இரண்டு எண்கள். மைனஸ் ஓ என்றால் புதிய பைலின் பெயர். எங்கள் 32க்கு 32 பென்சிலுக்கு எக்ஸ் 0, ஒய் 31 என்று தர வேண்டும்.

ஐகோடூல் -சி --கர்சர் -எக்ஸ் 0 -ஒய் 31 -ஓ பென்சில்.சியுஆர் பென்சில்.பிஎன்ஜி

லினக்ஸ் டெஸ்க்டாப்பிலேயே பயன்படுத்த வேண்டும் என்றால் எக்ஸ்கர்சர்ஜென் என்ற கட்டளை உண்டு. அதற்கு ஒரு சின்ன டெக்ஸ்ட் பைலில் அளவு, ஹாட்ஸ்பாட் எண்கள் இரண்டு, படத்தின் பெயர் ஆகியவற்றை ஒரே வரியில் எழுதித் தர வேண்டும். அசையும் கர்சர் வேண்டுமென்றால் ஒவ்வொரு படத்திற்கும் ஒரு வரி எழுதி, அது எத்தனை மில்லி விநாடி தெரிய வேண்டும் என்பதை முடிவில் சேர்க்க வேண்டும். விண்டோஸின் அசையும் கர்சரான ஏஎன்ஐ பைலை இந்தக் கட்டளைகள் தயாரிப்பதில்லை. அது இல்லாததால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை என்பது என் எண்ணம். ஏன் என்று அடுத்துப் பாருங்கள்.

படம்தானே என்று நினைக்க வேண்டாம்

"ஒரு கர்சர் பைலில் என்ன ஆபத்து வந்துவிடப் போகிறது?" என்று கேட்பவர்களுக்கு இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன்.

2007 ஏப்ரல் 3 அன்று, மாதாந்திரப் பாதுகாப்புத் திருத்தங்களுக்கு ஒரு வாரம் முன்பாகவே, மைக்ரோசாப்ட் அவசரமாக ஒரு திருத்தத்தை வெளியிட்டது. காரணம், அசையும் கர்சர் பைல். அந்தப் பைலின் தலைப்புப் பகுதியின் நீளத்தை விண்டோஸ் சரியாகச் சோதிக்கவில்லை. அதைப் பயன்படுத்தி, தந்திரமாகத் தயாரித்த ஒரு கர்சரை இணையப் பக்கத்தில் வைத்து, பக்கத்தைப் பார்ப்பவரின் கம்ப்யூட்டரில் தாங்கள் விரும்பிய புரோகிராமைச் சிலர் இயக்கினார்கள். விண்டோஸ் 2000, எக்ஸ்பி, அப்போது புத்தம் புதிதாக இருந்த விஸ்டா மூன்றுமே இதற்கு ஆளாயின. 2005 ஜனவரியிலேயே இதே போன்ற ஓட்டை ஒன்றை அடைத்திருந்தார்கள். முதல் தலைப்பைச் சோதித்தார்கள். பைலில் இரண்டாவது தலைப்பு வந்தால் அதைச் சோதிக்க மறந்தார்கள்.

அடுத்தது 2010. அந்த ஆண்டு ஜூன் மாதம் கண்டறியப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற வைரஸ் பென் டிரைவ்கள் வழியே பரவியது. ஷார்ட்கட் பைலுக்கான ஐகானை விண்டோஸ் திரையில் காட்ட முயலும்போதே அந்த வைரஸ் இயங்கத் தொடங்கியது. கிளிக்கூடச் செய்ய வேண்டியதில்லை. போல்டரைத் திறந்து பார்த்தாலே போதும். மைக்ரோசாப்ட் 2010 ஆகஸ்ட் 2 அன்று இதற்கான திருத்தத்தை வெளியிட்டது.

இந்த இரண்டு ஓட்டைகளும் அடைக்கப்பட்டுவிட்டன. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. படமும் ஒரு பைல்தான். அதைப் படிக்க ஒரு புரோகிராம் வேண்டும். அந்தப் புரோகிராமை ஏமாற்ற முடியும். எனவே "500 அழகிய கர்சர்கள் இலவசம்" என்று யாரோ கட்டித் தரும் மூட்டையை விட, நீங்களே தயாரித்த ஒரே ஒரு கர்சர் மேலானது. உள்ளே என்ன இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும்.

ஐகானை நம்பி கிளிக் செய்யாதீர்கள்

நான் கட்டளை வரியை வலியுறுத்த முக்கியக் காரணம் இதுதான். 2000களில் பென் டிரைவ்களை ஆட்டிப் படைத்த ஒரு வைரஸ் வகை பலருக்கு நினைவிருக்கும். பென் டிரைவில் போல்டர் போலவே மஞ்சள் படத்துடன் ஒன்று நிற்கும். நியூ போல்டர் என்று பெயரும் இருக்கும். திறக்கலாம் என்று டபுள் கிளிக் செய்தால், அது போல்டர் அல்ல, எக்ஸ்இ புரோகிராம். வைரஸ் உள்ளே வந்துவிடும். இத்தனை பேர் ஏமாந்தது எப்படி? போல்டரின் ஐகானை எந்த புரோகிராமுக்கும் போட்டுவிட முடியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. எக்ஸ்டன்ஷனை விண்டோஸ் மறைத்து வைத்திருந்தது. கண்ணுக்குத் தெரிந்த படத்தை நம்பினார்கள்.

ஐகோயுட்டில்ஸ் தொகுப்பில் ரெஸ்டூல் என்று இன்னொரு கட்டளை உண்டு. எக்ஸ்இ, டிஎல்எல் பைல்களுக்குள் பதுங்கியிருக்கும் ஐகான்களை அது வெளியே எடுத்துத் தரும். ஐகான் தொகுதிக்கு 14 என்ற எண். கர்சர் தொகுதிக்கு 12. அந்த எண்ணைத் தந்தால் போதும். ஒரு முறை உங்கள் கையால் ஒரு புரோகிராமின் வயிற்றிலிருந்து ஐகானை உருவி எடுத்துப் பாருங்கள். ஐகான் என்பது பைலின் முகம் அல்ல, அது அணிந்திருக்கும் முகமூடி என்பது அப்போது விளங்கும். அதன் பிறகு போல்டர் படத்தைப் பார்த்தவுடன் கை தானாக டபுள் கிளிக் செய்யாது. ஒரு நொடி நின்று பார்க்கும். அந்த ஒரு நொடிக்கு எந்த ஆண்டி வைரஸும் ஈடாகாது.

கையோடு இன்னொன்றையும் செய்துவிடுங்கள். விண்டோஸ் 11ல் பைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ, ஷோ என்று சென்று, பைல் நேம் எக்ஸ்டன்ஷன்ஸ் என்பதில் டிக் செய்திடுங்கள். பைல்களின் உண்மையான துணைப்பெயர்கள் இனி கண்ணில் படும்.

எதிர்க் கருத்துகள்

இதற்கு மறுப்புகளும் உண்டு. அவற்றில் சில நியாயமானவை.

"ஒரே ஒரு ஐகானுக்கு இவ்வளவு பாடா?" நியாயம். கிம்ப் அல்லது இர்பான்வியூ உங்களிடம் ஏற்கெனவே இருந்தால், படத்தைத் திறந்து ஐகோ வடிவில் பதிந்துகொள்ளலாம். இரண்டும் பல காலமாக நம்பிக்கையுடன் பயன்படுத்தப்படுபவை. என் சண்டை மவுஸ் கிளிக்கோடு அல்ல. முன்பின் தெரியாத சாப்ட்வேரோடு.

"இணையத் தளத்தில் படத்தை ஏற்றினால் எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லையே?" வாஸ்தவம். கடைச் சின்னமோ பூவின் படமோ என்றால் எனக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் குடும்பப் படம் என்றால், அது வேறொருவரின் கம்ப்யூட்டருக்குப் போகிறது என்பதை மறக்கக் கூடாது. மொபைல் போனில் இருப்பிடப் பதிவு இயங்கிக்கொண்டிருந்தால், படம் எடுத்த இடத்தின் விவரமும் பைலுக்குள்ளேயே சேர்ந்து போகும். கட்டளை வரியில் செய்தால் இன்டர்நெட் இணைப்பே தேவையில்லை. படம் வீட்டை விட்டு வெளியேறாது.

"கட்டளை வரி ஆபத்தானது அல்லவா?" சில கட்டளைகள் ஆபத்தானவைதான். இமேஜ்மேஜிக்கிலேயே மாக்ரிபை என்ற கட்டளை, போல்டரில் உள்ள எல்லாப் படங்களையும் ஒரே மூச்சில் மாற்றும். புது வடிவத்தைச் சொல்லாமல் அளவை மட்டும் மாற்றச் சொன்னால், மூலப் படங்களின் மேலேயே எழுதிவிடும். கல்யாணப் போட்டோக்கள் அத்தனையும் 48 பிக்ஸெல் ஆகிவிட்டால் திரும்ப வராது. அதனால் எப்போதும் படங்களின் நகல்களைத் தனி போல்டரில் வைத்து அதில் மட்டும் பழகுங்கள்.

"இமேஜ்மேஜிக்கிலும் ஓட்டை இருந்ததே?" இருந்தது. 2016 மே மாதம் வெளிவந்த ஒரு பெரிய குறைபாடு, படங்களை ஏற்றும் வசதி தந்த இணையதளங்களை எல்லாம் கதிகலங்க வைத்தது. உடனே திருத்தினார்கள். எந்த சாப்ட்வேரும் குறையே இல்லாதது அல்ல. குறை வெளியே தெரியுமா, திருத்துவதற்கு ஆள் இருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. அவ்வப்போது புதிய பதிப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் சொந்தப் படங்களுக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

முடிவாக

ஐகான் செய்வது சின்ன வேலைதான். சின்ன வேலை என்பதால்தான் இதைப் பாடமாகத் தேர்ந்தெடுத்தேன். தவறு செய்தால் ஒரு நகல் கெடும், அவ்வளவே. ஆனால் இதைச் செய்து முடிக்கும்போது, பைல் என்றால் என்ன, எக்ஸ்டன்ஷன் என்றால் என்ன, கட்டளையை எப்படிப் படிப்பது, எந்தப் படத்தை நம்பக் கூடாது என்ற நான்கு விஷயங்கள் கைவசமாகியிருக்கும். அலங்காரத்திற்காகத் தொடங்கியது பாதுகாப்பில் வந்து முடியும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பிள்ளையிடம் கிராப் நோட்டைக் கொடுங்கள். அவர்கள் வரைந்த வீட்டை நீங்கள் கட்டளை தட்டி ஐகானாக்குங்கள். பிறகு அந்தப் போல்டரைத் திறக்கும்போதெல்லாம், இது எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது அல்ல, நம் வீட்டில் செய்தது என்ற நிறைவு உங்களுக்கு இருக்கும்.